அபுல் ஹஸன் தின்னாத வட்டிலப்பம்

போன ரமழான் முழுவதும் முனவ்வறாவின் வீட்டு நோன்புக் கஞ்சிக்கு ஒருநாளும் உப்புப் பிசகவில்லை. கல்முனைக்குடியில் அப்படியொரு வீட்டைக் காண்பது அரிது. நோன்பு பிடித்துக்கொண்டு சமைக்கிற பெண்கள் கண்ணாலும் மூக்காலும் உப்புப் போடுகிறவர்கள். பாங்கு ஒலித்து முதற் கரண்டி வாய்க்குள் போன பிறகுதான் அன்றைக்குக் காய்ச்சியது கஞ்சியா கடல்நீரா என்பது தெரியவரும். முனவ்வறாவுக்கு மட்டும் அந்தக் கவலை இருக்கவில்லை. நோன்பாளியாக இருந்துகொண்டே ருசி பார்த்துச் சொல்ல அவளுக்கு ஓர் ஆள் இருந்தார். அவளுடைய கணவர் அபுல் ஹஸன்.

லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வருவார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். நேரே குசினிக்குள் நுழைந்து, அடுப்பில் இருப்பதன் மூடியைத் திறந்து, பீங்கான் நிறைய அள்ளிக்கொண்டு, சொந்த வீட்டில் சொந்தச் சோற்றைத் தின்கிற மனிதனுக்கு உரிய நிம்மதியோடு உட்கார்ந்துவிடுவார்.

"இஞ்ச பாருங்க! என்ன செய்யிறீங்க?"

"கஞ்சி குடிக்கிறன். உனக்குக் கண்ணும் தெரியாமப் பெய்த்தா?"

"நோம்பெலுவா!"

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான்!"

"அல்லாவே!"

பீங்கானை அந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஓடிப்போய் வாயைக் கொப்பளிப்பார். ஒரு சொட்டும் உள்ளே போய்விடாதபடி பக்குவமாகத் துப்புவார். "உப்புக் காணா, இன்னும் கொஞ்சம் போடு" என்று சொல்லிவிட்டு, சாய்மனைக் கதிரையில் கண்களை மூடிப் படுத்துவிடுவார். நோன்பு திறக்கிற நேரத்தில் அவருடையதைப்போல வாடிப்போன முகம் அந்தத் தெருவில் வேறு எவருக்கும் இருக்காது.

இதில் மார்க்கத் தடை ஏதும் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விடயம். மறந்து தின்றவருடைய நோன்பு முறியாது. அவருக்கு ஊட்டியவன் இறைவன். ஆனால் ஒரு மனிதனுக்கு இறைவன் எத்தனை பீங்கான் ஊட்டுவான் என்ற கேள்வி முனவ்வறாவின் மூத்த சகோதரர் அப்துல் கபூரை வாட்டியது. கபூர் பள்ளிவாசல் நிர்வாகசபை உறுப்பினர். தர்மத்தின் சிறப்பைப் பற்றிக் கண்கலங்கப் பேசக்கூடியவர்; பேச்சோடு நிறுத்திக்கொள்வதிலும் கெட்டிக்காரர். அவர் விவகாரத்தை இமாம் றிம்சான் மௌலவியிடம் கொண்டுபோனார்.

"ஒரு வாய், ரெண்டு வாய் எண்டா மறதி. பீங்கான் நிறைய எண்டா அது என்ன, மௌலவி?"

"அதுவும் மறதிதான் ஹாஜியார். அளவு செல்லப்படல்ல."

"நாளாந்தம் தின்னுறாரே?"

"நாளாந்தம் மறந்தா நாளாந்தம் அல்லாஹ் ஊட்டுறான்."

கபூர் வீட்டுக்குத் திரும்பினார். அன்று பின்னேரம் அவர் பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, தமக்கும் அப்படியொரு மறதி வாய்க்கிறதா என்று பார்த்ததாகக் கேள்வி. ரோல்ஸைப் பார்க்கப் பார்க்க நோன்பு மேலும் மேலும் நினைவுக்கு வந்ததே தவிர, மறந்தபாடில்லை.

பெருநாள் கழிந்தது. மறதி கழியவில்லை.

பள்ளிவாசலுக்குப் போன அபுல் ஹஸன் வீடு திரும்பும் வழியில் எப்போதோ விற்றுப்போன தம் தாயாரின் வீட்டுக்குப் போனார். அது இப்போது கைத்தொலைபேசிக் கடை. "ஆரக் கேட்டு எங்கட ஊட்டுக்குள்ள கண்ணாடி அலுமாரி அடிச்ச?" என்று கடைக்காரரைப் பிடித்து உலுக்கிவிட்டார். முனவ்வறாவின் பெயர் அவரிடமிருந்து நழுவியது. காலஞ்சென்ற தம் மூத்த சகோதரி ஸுஹைறா என்று நினைத்து அவளை ராத்தா என்று அழைக்கத் தொடங்கினார். "ராத்தா, ஒரு பிளேன்டீ தாறீங்களா?" என்று அவர் பணிவோடு கேட்டபோது, கலியாணம் முடித்த நாளிலிருந்து கிடைக்காத மரியாதை ஒன்று முனவ்வறாவுக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. முதல் நாள் சிரித்தாள். பிறகு தேநீரை அவர் கையில் கொடுத்துவிட்டு, சீனிப் போத்தலை மூட மறந்து, நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிளினிக்கில் அவரைப் பரிசோதித்தவள் பாண்டிருப்பைச் சேர்ந்த இளம் வைத்தியர் கிருசிகா. அவள் நோய்க்கு அல்சைமர் என்று பெயர் சொன்னாள். மருந்துக்கு டொனெப்பசில் என்று பெயர் சொன்னாள். இரண்டு பெயரும் முனவ்வறாவின் முகத்தில் ஒட்டாமல் நழுவியதைக் கண்டு, கதையை வயலுக்குக் கொண்டுபோனாள்.

"உம்மா, ஒரு குளத்தில தண்ணி வத்திக்கொண்டு வருது எண்டு நினையுங்க. இந்தக் குளிசை புது மழையக் கொண்டு வராது. இருக்கிற தண்ணி வாய்க்காலால ஓடிப் போறதக் கொஞ்சம் மறிக்கும். அவ்வளவுதான். நோயை மாத்தாது."

நெல் ஆலை நடத்தி ஓய்ந்த அபுல் ஹஸன் அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று நிமிர்ந்தார். "குளத்துக் கதவு பழுதெண்டா நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குச் செல்லோணும் மகள். குளிசையால என்ன செய்யிற?"

"அந்தத் திணைக்களத்துக்குத்தான் வாப்பா எழுதித் தாறன்" என்று மருந்துத் துண்டை நீட்டினாள் கிருசிகா. பிறகு முனவ்வறாவின் பக்கம் திரும்பி, "ஒரு விசயம். குணம் தெரியுதெண்டா நிப்பாட்டிப் போடாதீங்க. நிப்பாட்டினா மறிச்ச தண்ணியும் ஓடிரும். திரும்பத் தொடங்கினாலும் அதே இடத்துக்கு வருமெண்டு சொல்ல ஏலாது" என்றாள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குளிசை. வயிற்றைக் கொஞ்சம் குமட்டியது; பிறகு பழகிவிட்டது. மாதங்கள் போயின. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் போன அபுல் ஹஸன், எவரும் கூட்டிவராமல், எந்தக் கடைக்காரரையும் உலுக்காமல், தாமாகவே வீட்டுக்கு வந்து தொப்பியை ஆணியில் மாட்டினார்.

"முனவ்வறா, பிளேன்டீ ஒண்டு போடு."

மரியாதை எதுவும் இல்லாத அந்த வாக்கியத்தைக் கேட்டு முனவ்வறா குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். அன்றைய பிளேன்டீயில் சீனிக்குப் பதிலாக உப்பு விழுந்தது. அவர் குடித்துப் பார்த்துவிட்டு அவளைப் பெயர் சொல்லித் திட்டினார். இன்னும் இரண்டு தரம் திட்டமாட்டாரா என்றிருந்தது அவளுக்கு.

அந்தப் பெயரை இனி விட்டுக்கொடுப்பதில்லை என்று அவள் மனத்துக்குள் முடிவுசெய்துகொண்டாள்.

இந்த ரமழானுக்குச் சற்று முன்னர் கிருசிகா குளிசையின் அளவைக் கூட்டினாள். நோயாளி நோன்பு பிடிக்கவேண்டிய கட்டாயம் இல்லை, ஏழைக்கு உணவளித்தால் போதும் என்று றிம்சான் மௌலவி எடுத்துச் சொன்னார். அபுல் ஹஸன் கேட்கவில்லை. அம்மை போட்ட வருடத்தில்கூட நோன்பு விடாதவர் என்பதுதான் அவருடைய வாழ்நாட் பெருமை. மற்றவர்கள் ஹஜ்ஜுப் பயணத்தைச் சொல்லிக் காட்டுவதுபோல அவர் அம்மையைச் சொல்லிக் காட்டுவார். விட்ட நோன்பைப் பிறகு பிடித்து ஈடுசெய்வதற்குக் கழா என்று பெயர். அந்தச் சொல்லைத் தம் பெயரோடு சேர்த்து எவரும் உச்சரிக்கக்கூடாது என்பார். குளிசை இரவில்தான் என்பதால் கிருசிகாவும் சம்மதித்தாள். இரவில் தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், தலை சுற்றினால் நோன்பை விடவேண்டும் என்பவை மட்டும் அவளுடைய நிபந்தனைகள்.

முதல் நோன்பன்று முனவ்வறா கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டு வழமைபோல ஒதுங்கி நின்றாள். அபுல் ஹஸன் வந்தார். தொப்பியை மாட்டினார். குசினிப் பக்கம் திரும்பிக்கூடப் பாராமல் கதிரையில் போய் உட்கார்ந்து ஓதத் தொடங்கினார்.

அன்று கஞ்சிக்கு உப்பே இல்லை.

"என்ன புள்ள, தவிட்டத் தண்ணியில கரைச்ச மாதிரி இரிக்கி" என்றார், நோன்பு திறக்க வந்திருந்த கபூர். அவர் ரமழானில் பெரும்பாலும் தங்கை வீட்டில்தான் நோன்பு திறப்பார். உறவைப் பேணுவதன் நன்மை அவருக்குத் தெரியும்.

முனவ்வறா முகம் மலர்ந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தவா காக்கா?" என்றாள். கெட்டுப்போன கஞ்சியைக் கண்டு அவ்வளவு மகிழ்ந்த பெண் அந்தக் கரையோரத்தில் இருந்திருக்கமாட்டாள். குளத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதற்கு அவளுக்கு அந்த உப்பில்லாத கஞ்சி ஒன்றே போதுமாக இருந்தது.

அந்த மகிழ்ச்சி ஒரு கிழமைகூட நீடிக்கவில்லை.

விடியுமுன் சஹர் சாப்பாட்டை முடித்து, சுபஹ் தொழுதுவிட்டுப் படுத்த அபுல் ஹஸன், வெயில் ஏறிய பிறகு எழுந்து, கட்டிலின் விளிம்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முனவ்வறா, நான் நோம்ப முறிச்சிட்டன்."

"எப்ப?"

"இப்பதான். வட்டிலப்பம்."

"மறதியிலதானே? அது கூடும், நோம்பு முறியாது. வாயக் கொப்பளிச்சிட்டு..."

"மறதியில இல்ல!" அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நோம்பெண்டு தெரியும். தெரிஞ்சிக்கிட்டுத் தின்ற. கஜு போட்டிருந்த. ஏலம் நல்லா மணத்த. ரெண்டு துண்டு."

முனவ்வறா குசினிக்கு ஓடினாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள், பானைகளைத் திறந்தாள், அரிசி வாளியைக்கூடத் திறந்தாள். அந்த வீட்டில் வட்டிலப்பம் அவித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. முட்டைகூட இல்லை. ஆனால் அபுல் ஹஸனின் முகத்தில் இருந்த குற்ற உணர்வு, முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் குறைவின்றிச் சேர்ந்த ஒரு வட்டிலப்பத்தைத் தின்றால்தான் வரக்கூடிய குற்ற உணர்வாக இருந்தது.

அடுத்த நாள், பள்ளிவாசலில் கைகால் கழுவும் தொட்டியான ஹவுழுக்குப் பக்கத்தில் மறைந்திருந்து ரோல்ஸ் தின்றதாக ஒப்புக்கொண்டார். அதற்கடுத்த நாள், நாவிதன்வெளியில் பூபாலசிங்கத்தின் வீட்டில், தாமரை இலையில் சோறும் குளத்து மீனும். பூபாலசிங்கம் ஆலைக்கு நெல் கொடுத்துவந்த விவசாயி. நெல் வியாபாரம் நின்ற பிறகும் நட்பு நிற்கவில்லை. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்ட வேளையில் அபுல் ஹஸன் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் என்பதற்கு முனவ்வறாவே சாட்சி.

"நீங்க ஊட்ட உட்டு வெளிக்கிடவே இல்ல" என்றாள்.

"களவாத் தின்னப் போற மனிசன் உன்னட்டச் செல்லிட்டா போவான்?" என்றார் அவர்.

கனவாக இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தாள். அபுல் ஹஸன் கடும் கோபம் கொண்டார். கனவு என்றால் என்னவென்று தமக்குத் தெரியாதா? கனவில் முகம் மங்கலாகத் தெரியும், ஆள் மாறும், முடிவில்லாமல் போகும். இதில் மீனின் முள்ளுகூடத் தொண்டையில் குத்தியது.

நான்காம் நாள் அவர் தம் முடிவை அறிவித்தார். முன்னர் ஆலைக் கணக்கை விளக்குவதுபோல விரலை மடக்கி மடக்கி விளக்கினார்.

"போன வருசம் நான் குளிசை போடல்ல. மறந்து தின்ற. அல்லாஹ் ஊட்டின. நோம்பு கூடின. இந்த வருசம் குளிசை போடுறன். நினைவு வந்திட்டு. நினைவோட தின்னுறன். நோம்பு முறியுது. அப்ப, என்ட நோம்ப முறிக்கிறது ஆரு?"

அந்தத் தர்க்கத்தில் எங்கோ ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதை எந்தப் பக்கத்தால் அடைப்பதென்று முனவ்வறாவுக்குப் பிடிபடவில்லை.

"குளிசைதான்" என்று அவரே முடித்தார். "பெருநாள் மட்டும் அது வேணா."

அன்றிரவுக்குரிய குளிசையை அவர் பேச்சோடு பேச்சாக யன்னலால் எறிந்துவிட்டார். அது கோழிக்கூட்டின் பக்கம் விழுந்தது. அதை விழுங்கிய கோழி எது என்பது தெரியாது. ஆனால் பல நாட்களாக முட்டையை வேலிக்கு அப்பால் இட்டுவந்த சிவப்புப் பேடு மறுநாள் கூட்டுக்கே திரும்பிவந்து முட்டையிட்டதைக் கண்டபோது, முனவ்வறாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மறிச்ச தண்ணியும் ஓடிரும் என்ற கிருசிகாவின் சொல் காதுக்குள் நின்றது. இன்னும் சில நாட்களில் தான் மீண்டும் ராத்தா ஆகிவிடுவோம் என்று நினைத்தாள். மரியாதையை நினைத்து அவ்வளவு பயந்ததில்லை.

கபூரைக் கூப்பிட்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுத் தாடியைத் தடவினார்.

"நான் போன வருசமே சென்னன். ஆள் தின்னுறார். இப்ப அவரே ஒத்துக்கொள்ளுறார். நல்ல விசயம்தானே?"

"என்ன நல்ல விசயம் காக்கா? ஊட்டுல வட்டிலப்பமே இல்ல!"

"தின்னு முடிச்சா எப்பிடிப் புள்ள இரிக்கும்?"

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கபூர் இந்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சந்தை வரைக்கும் எடுத்துப்போனார். சந்தையில் கத்தரிக்காய் விற்க வந்திருந்த எவரோ அதை நாவிதன்வெளிக்கு எடுத்துப்போனார். மறுநாள் பகல் ஒரு முச்சக்கரவண்டி வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து வேட்டியும் கோபமுமாகப் பூபாலசிங்கம் இறங்கினார்.

"எங்க தங்கச்சி உங்கட ஹாஜியார்? என்ர வீட்டில நோம்பு நேரம் சோறு குடுத்த எண்டு ஊரெல்லாம் கதைக்குதாம்! நோம்பு மாசத்தில உங்கட ஆக்கள் வந்தா, நாங்க தேத்தண்ணி குடிக்கிறதெண்டாலும் உள்ளுக்க போய்க் குடிக்கிற ஆக்கள். என்ர மனிசி செல்லத்தங்கம் காலையில இருந்து அழுதுகொண்டிருக்கிறாள்!"

அபுல் ஹஸன் எழுந்து வந்து நண்பரின் கையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்கள்ள பிழை இல்ல பூபாலசிங்கம். நான்தான் கேட்ட. செல்லத்தங்கம் வேணாமெண்டுதான் செல்லின."

"நீங்க வரவே இல்லையே மனிசா!"

"எனக்காகப் பொய் செல்லாதீங்க. உங்கட நல்ல மனசு."

கபூர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டு, நிர்வாகசபைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிற தோரணையில் உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் பொறுங்க. மச்சான், நீங்க ஒழுங்கா செல்லுங்க. எங்க இருந்து தின்ற?"

"விறாந்தையில. பாய் போட்டிருந்த."

"பாய் இரிக்கா?" என்று பூபாலசிங்கத்திடம் கேட்டார் கபூர்.

"பாய் இல்லாத வீடு இருக்கா?" என்றார் அவர்.

"என்ன மீன்?"

"செப்பலி. நல்ல முள்ளு. யானையும் பக்கத்துல நிண்ட."

பூபாலசிங்கம் தயக்கத்தோடு, "யானை வாறதுதான்... போன கிழமையும் வாழையெல்லாம் முறிச்சுப் போட்டுது" என்றார். அவருடைய முகத்தில் முதன்முதலாக ஒரு சந்தேகம் தென்பட்டது. ஒருவேளை உண்மையிலேயே ஹாஜியார் வந்திருப்பாரோ?

கபூர் வெற்றியோடு முனவ்வறாவைப் பார்த்தார். "பாத்தியா? யானையும் சரி."

சாட்சி சொல்ல வந்தவரே எதிர்ப்பக்கம் சாய்கிறார். யானை வருகிற ஊராகப் பார்த்துத்தான் இந்த மனிதன் களவாகத் தின்னப் போகவேண்டுமா? ஆனால் நாற்பது வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் முனவ்வறா. அவர் உண்மையைச் சொல்கிறார் என்றால், அதை முழுவதும் சொல்லவிடவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"யானை எங்க நிண்ட?" என்று மெதுவாகக் கேட்டாள். "வேலிக்கு அங்காலயா?"

"நிக்கல்ல. இருந்த. பாயில, எனக்குப் பக்கத்துல. சம்மாணம் கொட்டி."

பூபாலசிங்கத்தின் வாய் திறந்தபடி நின்றது.

"அதுக்கும் சோறு போட்டாங்களா?" என்றாள் முனவ்வறா.

"இல்ல." அபுல் ஹஸன் தலையைக் குனிந்தார். "அது நோம்பு."

"அதாலதான் எனக்கு இவ்வளவு வெக்கம்" என்று தொடர்ந்தார் அபுல் ஹஸன். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. "அவ்வளவு பெரிய உடம்ப வெச்சிக்கிட்டு அது பிடிச்சிக்கிட்டு இரிக்கி. நான் அதுக்குப் பக்கத்துல இருந்து மீன் தின்னுறன். அது ஒண்டும் செல்லல்ல. சும்மா பாத்த. அவ்வளவுதான்."

"சஹருக்கு என்ன தின்னிச்சாம்?" என்று கேட்ட கபூர், தம் குரலைத் தாமே கேட்டுத் திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டார்.

முதலில் சிரித்தவர் பூபாலசிங்கம். வேட்டித் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். முனவ்வறா சிரிக்கவில்லை; அவளுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"வட்டிலப்பம் ஆரு தந்த? நீங்க அதச் செல்லவே இல்ல."

"அத உடு. ஆக்கள்ட மானத்தக் காப்பாத்தோணும்."

"செல்லுங்க. இஞ்ச எல்லாரும் நம்மட ஆக்கள்தான்."

அபுல் ஹஸன் நெளிந்தார். பிறகு கண்ணால் காட்டினார். "கபூர் மச்சான்தான். அவர்ட ஊட்டுல. ரெண்டாம் துண்டும் வெச்ச. வேணாமெண்டு செல்லியும் மூணாவது துண்டு வெக்கப் பாத்த."

"நானா?" என்றார் கபூர்.

"அப்ப சத்தியமாக் கனவுதான் ஹாஜியார்!" என்று பூபாலசிங்கம் கதிரையைத் தட்டினார். "யானை நோம்பு பிடிச்சாலும் பிடிக்கும். இது நடக்கவே நடக்காது!"

அந்த வட்டிலப்பத்தைத் தாமே கொடுத்ததாக ஒப்புக்கொண்டுவிடலாமா என்று ஒரு கணம் கபூர் யோசித்ததை முனவ்வறா கண்டாள். கொடுத்தேன் என்றால் நோன்பாளியைக் கெடுத்த பாவம். கொடுக்கவில்லை என்றால் பூபாலசிங்கம் சொன்னது உண்மை. கபூர் இருமினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் ஊர்ப் பேச்சைவிட மறுமைக் கணக்கே பெரிதென்று தீர்மானித்தவராக, "நான் ஒருநாளும் ஆருக்கும் ஒண்டும் குடுக்கல்ல" என்றார்.

அபுல் ஹஸன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யானையை மீண்டும் ஒருமுறை மனத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தி, அதை நன்றாகப் பரிசோதித்தார் போலும்.

"கனவெண்டா ஏன் இவ்வளவு ருசி?" என்று குழந்தைபோலக் கேட்டார்.

அந்தக் கேள்வியை முனவ்வறா தொலைபேசியில் கிருசிகாவிடமே கேட்டாள். எல்லோரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிவைத்தாள். மறுமுனையில் வைத்தியர் முதலில் பொறுமையாகக் கேட்டாள். யானை வந்த இடத்தில் சிரிப்பை மறைக்கத் தொலைபேசியைச் சற்றுத் தூரமாகப் பிடித்துக்கொண்டாள் என்பது இங்கே இருந்தவர்களுக்கும் விளங்கியது.

"உம்மா, பிழை என்னிலதான். அளவைக் கூட்டேக்க சொல்லியிருக்கோணும். இந்தக் குளிசையை இரவில எடுத்தா சில ஆக்களுக்குக் கனவு படம் மாதிரித் தெளிவா வரும். பயப்பிட ஒண்டும் இல்ல. காலையில எடுத்தா அநேகமாக் குறைஞ்சிரும்."

"காலையில நோம்பு!" என்று அபுல் ஹஸன் தொலைபேசியை நோக்கிக் கத்தினார்.

"சஹருக்கு எழும்புவீங்கதானே வாப்பா? அப்ப எடுங்க. சுபஹ் தொழுதிட்டு உடனே படுக்காம, கொஞ்சம் நடந்திட்டு வாங்க. ரெண்டு நாள் விட்டதால பெரிய மோசம் வராது. ஆனா இனி விட ஏலாது."

அபுல் ஹஸன் உடனே இணங்கவில்லை. கனவில் தின்றதற்குக் கழா உண்டா என்பதை முதலில் றிம்சான் மௌலவியிடம் கேட்டுவரச் சொன்னார். கபூர்தான் போனார், அந்த வட்டிலப்பத்துக்குப் பிறகு வீட்டை விட்டு வெளியேற அவருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. மௌலவி சிரித்து முடித்துச் சொல்லியனுப்பினார்: கனவில் முழு மாட்டைத் தின்றாலும் நோன்புக்கு ஒன்றும் ஆகாது. அதைக் கேட்டதும் அபுல் ஹஸன் நெஞ்சை நிமிர்த்தினார். கழா என்ற சொல் அவருடைய பெயரை நெருங்கி வந்து, தொடாமலே திரும்பிப் போயிருந்தது. அடுத்த சஹரில் குளிசையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, கடைசி ஈத்தம்பழத்தையும் தின்று முடித்தார்.

கனவுகள் படிப்படியாக மங்கின. யானை மட்டும் இன்னும் ஒரு தடவை வந்ததாகவும், இம்முறை இருவரும் சேர்ந்தே நோன்பு திறந்ததாகவும் சொன்னார். அது பற்றி எவரும் வழக்குத் தொடரவில்லை.

பெருநாளுக்குச் சில நாட்கள் இருக்கையில் ஒரு பகல். கஞ்சி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. முனவ்வறா கொல்லையில் உடுப்புக் காயப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். குசினி வாசலில் அவளுடைய கால்கள் நின்றன.

அபுல் ஹஸன் பீங்கானோடு உட்கார்ந்திருந்தார். தொப்பி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். களவின் சாயல் எதுவும் அந்த முகத்தில் இல்லை. போன வருடத்து நிம்மதி அப்படியே இருந்தது. குளிசை நோயை மாத்தாது என்று கிருசிகா முதல் நாளே சொல்லியிருந்தாள். இருந்தாலும் முனவ்வறாவின் கை கதவு நிலையைத் தேடிப் பிடித்தது. நோன்பு போய்விட்டது. அதோடு சேர்ந்து வேறென்ன போயிருக்கிறது என்று அறிய அவள் காத்துக்கொண்டு நின்றாள். நினைவூட்டவேண்டும் என்று வாய்வரை வந்த சொல் அங்கேயே நின்றது.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன முனவ்வறா, பேயடிச்ச மாதிரி நிக்கிறா? கஞ்சிக்கு உப்புக் காணா."

அவள் உள்ளே போனாள். உப்புப் போத்தலை எடுத்து, அவர் கண் முன்னாலேயே அரைக் கரண்டி போட்டுக் கலக்கினாள். அகப்பையில் அள்ளி, அவருடைய பீங்கானில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

"இப்ப பாருங்க."

அவர் குடித்துப் பார்த்தார். கண்களை மூடி யோசித்தார். "இப்ப சரி."

அதன் பிறகுதான் அவள், "இஞ்ச பாருங்க, நோம்பெலுவா!" என்றாள்.

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான்!"

"அல்லாவே!"

அவர் பீங்கானை வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினார். முனவ்வறா அடுப்பைத் தணித்து மூடியைப் போட்டாள்.

அன்று பின்னேரம் பாங்கு ஒலித்ததும் கபூர் முதற் கரண்டியை வாயில் வைத்தார். புருவம் உயர்ந்தது. இரண்டாம் கரண்டியும் போனது.

"இந்த நோம்புக்கே இண்டைக்குத்தான் புள்ள, கஞ்சி கஞ்சியா இரிக்கி. என்ன செஞ்ச?"

மேசையின் மறுகோடியில், அந்தத் தெருவிலேயே மிகவும் வாடிப்போன முகத்தோடு அபுல் ஹஸன் ஈத்தம்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டும் இல்ல காக்கா" என்றாள் முனவ்வறா. "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"